ஓஇடி தேர்வுக்கு எந்தப் புத்தகம்? பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடமாக ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து போவதற்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுத முடிவு செய்திருக்கிறேன். கையில் ஐந்து புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. கூட வேலை செய்த அக்கா கொடுத்த ஸ்பைரல் ஜெராக்ஸ் ஒன்று (2015 என்று போட்டிருக்கிறது), டாக்டராக இருக்கும் அத்தான் எழுதியபோது வாங்கிய ‘மெடிசின்’ புத்தகம், தம்பியின் ஐஇஎல்டிஎஸ் (எல்லாத் துறையினரும் எழுதும் பொது ஆங்கிலத் தேர்வு) பயிற்சிப் புத்தகம், மருத்துவச் சொற்கள் புத்தகம், கோச்சிங் சென்டரில் விற்கும் ‘நூறு கடிதங்கள்’ தொகுப்பு. நான்கு மாதம்தான் இருக்கிறது, அதிலும் பாதி நைட் டியூட்டி. இதில் எதைப் படிப்பது, எதை விடுவது? புதிதாக வாங்க வேண்டுமா? ஒவ்வொரு புத்தகத்தின் முதல் சில பக்கங்களையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன், சார்.
ஒரு செவிலியர், கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஐந்து புத்தகத்திலும் முன்பக்கங்களைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அட்டை, முன்னுரை, ‘இந்தப் புத்தகத்தைப் படித்தால் பி கிரேடு உறுதி’ என்ற வாக்குறுதி இவை எல்லாப் புத்தகத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தேர்வுப் புத்தகம் நல்லதா கெட்டதா என்று பின்பக்கம்தான் சொல்லும். விடைகள், விளக்கங்கள், ஆடியோவின் எழுத்து வடிவம், மாதிரிக் கடிதங்கள் ஆகியவை இருக்கும் அந்தக் கடைசிப் பகுதியை முதலில் புரட்டுங்கள். அங்கே ‘1. பி, 2. ஏ, 3. சி’ என்று மட்டும் ஒரு பட்டியல் இருந்தால், கேள்விகளைத் திரட்டியவருக்கு அதற்கு மேல் உழைக்க மனமில்லை என்று அர்த்தம். ஏன் பி சரி, ஏ எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்று எழுதியிருந்தால்தான் அதை வைத்துக்கொண்டு தனியாகப் படிக்க முடியும்.

முதலில் இலக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கிலாந்தில் செவிலியர்களைப் பதிவு செய்யும் நர்சிங் அண்ட் மிட்வைஃப்ரி கவுன்சில் கேட்பது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடு, அதாவது 500க்கு 350. ரைட்டிங்கில் மட்டும் சி பிளஸ், அதாவது 300 இருந்தால் போதும். ஆகவே உங்களுக்குத் தேவை நான்கு பகுதிக்கும் பயன்படுகிற ஏற்பாடு. ஒரே புத்தகம் நான்கையும் சமமாகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். லிசனிங், ரீடிங் இரண்டுக்கும் புத்தகம் ஆசிரியராக இருக்க முடியும். மற்ற இரண்டுக்கும் அது வேலைக்கான சரக்கை மட்டும்தான் தரும், திருத்துவதற்கு ஆள் வேண்டும். காசை எங்கே போடுவது என்பதையும் இதுதான் முடிவு செய்கிறது.

சரி, உங்கள் ஐந்து புத்தகங்களுக்கு வருவோம்.

ஸ்பைரல் ஜெராக்ஸ். கொடுத்த அக்கா நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார், ஆனால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். 2018 செப்டம்பரில் இந்தத் தேர்வே மாறிவிட்டது. அதற்கு முன்பு லிசனிங்கில் இரண்டே பகுதிகள். ரீடிங்கில் முதல் பகுதி ஒரு சுருக்கத்தில் கோடிட்ட இடங்களை நிரப்புவது, அடுத்தது இரண்டு நீண்ட கட்டுரைகள். இப்போது இரண்டிலும் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள், 42 கேள்விகள். ரீடிங் பகுதி ஏ-வில் ஒரே நோய் அல்லது சிகிச்சை பற்றி நான்கு சிறு துண்டுகள் வரும், 15 நிமிடத்தில் 20 கேள்வி. பகுதி பி-யில் மருத்துவமனைச் சுற்றறிக்கை, கருவிக்கான கையேடு போன்ற ஆறு குறுந்துண்டுகள், துண்டுக்கு ஒரு கேள்வி. பகுதி சி-யில் இரண்டு நீண்ட கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கேள்வி. பி, சி இரண்டுக்கும் சேர்த்து 45 நிமிடம். ரைட்டிங்கைத் திருத்தும் அளவுகோல்களும் 2019-இல் மாறின. பழைய புத்தகத்தில் ஆங்கிலம் கெட்டுப்போவதில்லையே என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் இல்லாத தேர்வுக்கு நேரத்தைப் பிரித்துப் பழகினால் உள்ள தேர்வில் கை தடுமாறும். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து உட்காரும் இரண்டு மணி நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

கடையில் புத்தகத்தை எடுத்ததும் பதிப்பு ஆண்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய சரக்குக்குப் புது அட்டை போட்டு ‘சமீபத்திய பதிப்பு’ என்று விற்பது எல்லாத் தேர்வுக்கும் நடக்கிறது. நேராக ரீடிங் பகுதி ஏ-க்குப் போங்கள். நான்கு துண்டுகள், 20 கேள்விகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் லிசனிங் பகுதி பி-யில் வார்டு சூழலில் நடக்கும் ஆறு குட்டி உரையாடல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் கொண்ட ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இரண்டும் இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

அத்தானின் ‘மெடிசின்’ புத்தகம். இதை வைத்துக்கொள்ளுங்கள். ஓஇடி 12 தொழில்களுக்கு நடக்கிறது. டாக்டர், நர்ஸ், பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர் எல்லோரும் எழுதுவது ஒரே லிசனிங், ஒரே ரீடிங். ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும்தான் தொழிலுக்குத் தொழில் மாறும். எனவே அந்தப் புத்தகத்தின் முதல் பாதி உங்களுக்கும் முழுசாகப் பயன்படும். இது நர்சிங் பதிப்பு இல்லையே என்று அதே நிறுவனத்தின் நர்சிங் புத்தகத்தையும் வாங்கி, பிறகு லிசனிங், ரீடிங் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே என்று தெரிந்து நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மெடிசின் ரைட்டிங்கை மட்டும் தொடாதீர்கள். டாக்டர் ஒரு நிபுணருக்கு நோயாளியை அனுப்பி எழுதும் கடிதத்தின் தோரணை வேறு. நீங்கள் வீட்டுக்கு வந்து கவனிக்கும் கம்யூனிட்டி நர்ஸுக்கோ முதியோர் இல்லத்துப் பொறுப்பாளருக்கோ எழுதுவது வேறு.

அந்தப் புத்தகத்துக்கு ஆடியோ எங்கே என்று முதலில் தேடுங்கள். அட்டையின் உள்பக்கம் க்யூஆர் கோடு இருக்கலாம், இணைய முகவரி இருக்கலாம். செகண்ட் ஹேண்ட் புத்தகத்தில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒருமுறை மட்டும் பயன்படுகிற குறியீட்டை முன்பு வாங்கியவர் பயன்படுத்தி முடித்திருப்பார். ஆடியோ இல்லாத லிசனிங் புத்தகத்தில் மிச்சமிருப்பது ரீடிங் மட்டும்தான். புதிதாக வாங்குவதானாலும் கடையில் நின்றபடியே உங்கள் ஃபோனில் திறந்து, ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

ஆடியோ ஓடினால், பின்பக்கம் அதன் எழுத்து வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வில் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், திரும்பப் போட மாட்டார்கள். ஆனால் படிப்பது அந்த ஒரு முறையில் நடப்பதில்லை. தேர்வு போலவே ஒரு முறை கேட்டு விடை எழுதுங்கள். தப்பான கேள்விகளுக்கு மட்டும் எழுத்து வடிவத்தைத் திறந்து, எந்த வரியில் விடை இருந்தது, நமக்கு ஏன் கேட்கவில்லை என்று பாருங்கள். வேகமா, உச்சரிப்பா, அல்லது ஒரு விடையை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்தது போய்விட்டதா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எழுத்து வடிவம் இல்லாத புத்தகத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நல்ல புத்தகத்தில் விடை வரும் வரியை அடிக்கோடிட்டே கொடுத்திருப்பார்கள். பேசுகிறவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியன் என்று கலந்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். தேர்வில் அப்படித்தான் வரும். எல்லாக் குரலும் ஒரே செயற்கைக் குரலாக, கணினி படிப்பது போல இருந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

தம்பியின் ஐஇஎல்டிஎஸ் புத்தகத்தில் நீண்ட கட்டுரைகளைப் படித்துப் பழகலாம். ஓஇடி ரீடிங் பகுதி சி-க்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் உதவும். அவ்வளவுதான். அதில் வரும் வரைபட விளக்கமும் 250 சொல் கட்டுரையும் உங்கள் தேர்வில் கிடையாது. ‘இரண்டையும் சேர்த்துப் படித்தால் எது கிளிக் ஆகிறதோ அதை எழுதலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கையும் ஏற்கிறது என்பது உண்மை (மூன்றில் 7, ரைட்டிங்கில் 6.5). ஆனால் நான்கு மாதத்தில் இரண்டு தேர்வுக்குத் தயாராவது இரண்டு வார்டுக்கு ஒரே ஷிஃப்டில் டியூட்டி போடுவது மாதிரி. ஓஇடி என்று முடிவு செய்துவிட்டீர்கள், அதிலேயே நில்லுங்கள்.

மருத்துவச் சொற்கள் புத்தகத்தில் நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பிராடிகார்டியா, ஹெமடூரியா, டிஸ்ப்னியா எல்லாம் பொருளோடு இருக்கின்றன. ஐ.சி.யு.வில் நான்கு வருடம் இருந்த உங்களுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? இந்தத் தேர்வில் நம் செவிலியர்கள் திணறுவது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். லிசனிங் பகுதி ஏ-வில் நோயாளி பேசுவார். அவர் ‘வாமிட்டிங்’ என்று சொல்ல மாட்டார், ‘த்ரோயிங் அப்’ என்பார். மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருப்பதை ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்பார். மயக்கம் வருவது போல இருந்தால் ‘லைட்ஹெடட்’. ஸ்பீக்கிங்கில் நீங்களும் நோயாளியிடம் அப்படித்தான் பேச வேண்டும். அங்கே ‘ஹைபர்டென்ஷன்’ என்றால், அதை அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை என்றுதான் குறித்துக்கொள்வார்கள். ஆகவே சொல் புத்தகம் வாங்குவதென்றால் நோயாளியின் வாய்மொழியைத் தருகிற புத்தகமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் குறையில்லை. மேலே சொன்ன லிசனிங் எழுத்து வடிவங்களிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்துவிடலாம்.

இப்போது ‘நூறு கடிதங்கள்’. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நான் அறிந்தவரை இந்தத் தேர்வில் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் பணம் செலவழிப்பதும் அதிகம் ஏமாறுவதும் இந்த வகைப் புத்தகத்தில்தான்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். நூறு கடிதங்களும் ஒரே வரியில் தொடங்குகின்றன, ஒரே வரியில் முடிகின்றன. நடுவில் பெயரும் நோயும் மட்டும் மாறுகின்றன. கேஸ் நோட்ஸ், அதாவது கடிதம் எழுத ஆதாரமாகத் தரும் நோயாளியின் குறிப்புகள், எங்கே? இல்லை. சில பக்கங்களில் ஐந்தாறு வரி இருக்கிறது, அந்த ஐந்தாறு வரியும் அப்படியே கடிதத்துக்குள் வந்திருக்கிறது. உண்மையான தேர்வு இப்படி இருக்காது. ஒன்றிரண்டு பக்கத்துக்குக் கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள். படிக்க ஐந்து நிமிடம், எழுத 40 நிமிடம். கடிதம் 180 முதல் 200 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். அவ்வளவு நோட்ஸும் இவ்வளவு சிறிய கடிதத்தில் அடங்காது. எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் தேர்வே.

ஒரு கேஸ் நோட்ஸை நானே கற்பனையாகச் சொல்கிறேன். 72 வயது ஆண், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி இறந்துவிட்டார், தனியாக இருக்கிறார், மகள் வார இறுதியில் வருவார். படுக்கையறை மாடியில். பத்து வருடமாகச் சர்க்கரை. பென்சிலின் ஒவ்வாமை. சிறு வயதில் டான்சில் எடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காயத்தில் லேசான தொற்று, மருந்து கொடுத்துச் சரியானது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டார். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஊசி, இன்னும் மூன்று வாரம் தொடர வேண்டும். தையல் கிளிப்புகளை வரும் செவ்வாய் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கவனிக்கப்போகும் கம்யூனிட்டி நர்ஸுக்கு எழுதுகிறீர்கள் என்றால் ஊசி, கிளிப் எடுக்கும் நாள், காயத்தில் ஏற்கெனவே தொற்று வந்தது, சர்க்கரை, பென்சிலின் ஒவ்வாமை ஆகியவை கட்டாயம் போக வேண்டும். தனியாக இருப்பது ஒரு வரியில் போகலாம். டான்சிலும் பஸ் டிரைவர் வேலையும் ஐந்தாம் நாள் சாப்பிட்ட சாப்பாடும் வேண்டாம். இப்போது அதே நோட்ஸை வைத்து, வீட்டில் என்னென்ன வசதி செய்ய வேண்டும் என்று பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு எழுதச் சொன்னால்? மாடிப் படுக்கையறையும் தனிமையும் முதல் பத்திக்கு வந்துவிடும். கிளிப்புகள் அநேகமாக வெளியே போய்விடும். நோயாளி ஒருவர்தான், படிக்கிறவர் மாறினார், கடிதமும் மாறிவிட்டது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் ரைட்டிங்கில் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. நூறு கடிதங்களை நெட்டுரு போட்டவருக்கு இது கடைசி வரை பிடிபடாது.

திருத்துபவர் பார்ப்பது ஆறு விஷயங்கள். கடிதத்தின் நோக்கம் தொடக்கத்திலேயே தெரிகிறதா, தேவையான தகவல் சரியாக இருக்கிறதா, வேண்டாதது இல்லாமல் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறதா, தொழில்முறைக் கடிதத்துக்கு உரிய நடை இருக்கிறதா, பத்திகள் முறையாக அமைந்திருக்கின்றனவா, கடைசியாக இலக்கணமும் சொல்லும் எப்படி என்று. கவனித்தீர்களா, இலக்கணம் ஆறில் ஒன்றுதான். ஆனால் கடையில் கிடைக்கும் பாதிப் புத்தகங்கள் ரைட்டிங் என்ற பெயரில் இலக்கணப் பயிற்சியைத்தான் நிரப்பி வைத்திருக்கின்றன.

எனவே ரைட்டிங்குக்கு ஒரு புத்தகத்தை எடைபோடும்போது மாதிரிக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் கேஸ் நோட்ஸைப் படியுங்கள். அதில் வேண்டாத தகவல் கலந்திருக்கிறதா? கடிதத்துக்குக் கீழே, இதை ஏன் சேர்த்தோம், அதை ஏன் விட்டோம் என்று ஒரு பத்தியாவது விளக்கம் இருக்கிறதா? ஒரு நல்ல கடிதத்தோடு நடுத்தரமான கடிதம் ஒன்றையும் போட்டு, அதற்கு எங்கே மதிப்பெண் போனது என்று காட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நூறு கடிதம் தேவையே இல்லை. இப்படி விளக்கத்தோடு பத்து இருந்தால் நான்கு மாதத்துக்குத் தாராளம்.

இன்னொன்று. வெளிநாட்டில் எழுதப்பட்ட நல்ல புத்தகங்களுக்கும் நம்முடைய தவறுகள் தெரியாது. ‘பேஷண்ட் ஈஸ் ஹேவிங் டயபடீஸ் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று நம் கேஸ் ஷீட்டில் தினமும் எழுதுகிறோம். யாரும் திருத்துவதில்லை, டாக்டரும் அப்படியேதான் எழுதுகிறார். அங்கே அது ‘ஹேஸ் ஹேட் டயபடீஸ் ஃபார் டென் இயர்ஸ்’. தேதி சொன்னால்தான் சின்ஸ், காலஅளவு சொன்னால் ஃபார். இந்த மாதிரிப் பழக்கப்பட்ட தவறுகளைப் புத்தகம் கண்டுபிடித்துத் தராது. நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்து ஒரு மனிதர் சிவப்பு மையால் வட்டம் போட வேண்டும். கோச்சிங் சென்டருக்குக் கட்டும் பணம் இதற்காக இருக்கட்டும். சேருவதற்கு முன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை கடிதம் திருத்தித் தருவீர்கள், திருத்திய ஒன்றைக் காட்ட முடியுமா? மேலே ‘குட்’ என்றோ ‘இம்ப்ரூவ் கிராமர்’ என்றோ எழுதி டிக் அடித்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஸ்பீக்கிங்குக்கும் இதே கதைதான். இரண்டு ரோல் ப்ளே, ஒவ்வொன்றுக்கும் தயாராக மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். எதிரே உட்கார்ந்து நோயாளியாக நடிப்பவர் மதிப்பெண் போடுபவர் இல்லை. பதிவு செய்த ஒலியை வேறு ஆட்கள் கேட்டுப் போடுவார்கள். உச்சரிப்பு, சரளம், மொழி இவற்றோடு, நோயாளியோடு உறவை ஏற்படுத்துவது, அவர் பார்வையைப் புரிந்துகொள்வது, தகவலைக் கேட்டு வாங்குவது, கொடுப்பது என்று தனியாகவும் மதிப்பிடுகிறார்கள். புத்தகத்தில் முழு உரையாடலையும் அச்சடித்து ‘மனப்பாடம் செய்க’ என்ற பாணியில் கொடுத்திருந்தால் அது வேலைக்காகாது, நோயாளி அந்த வசனத்தைப் பேசப்போவதில்லை. நர்ஸுக்கு ஒரு அட்டை, நோயாளிக்கு ஒரு அட்டை என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும் புத்தகமாகப் பாருங்கள். அப்போதுதான் ஹாஸ்டலில் கூட இருப்பவரிடம் நோயாளி அட்டையைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் அவர் என்ன கவலையைக் கொண்டுவருகிறார் என்று பழக முடியும்.

நம் வார்டுகளில் பயந்துபோன நோயாளியிடம் ‘ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க’ என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். அன்பாகத்தான் சொல்கிறோம், நம் ஊரில் அது ஆறுதலும்கூட. இந்தத் தேர்வில் அப்படிச் சொன்னால் கவலையைக் கேட்காமலே மூடிவிட்டீர்கள் என்று ஆகிவிடும். எது பயமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஏற்க வேண்டும், அதன் பிறகுதான் விளக்கம். இதைச் சொல்லித்தருகிற புத்தகம் கையில் கிடைத்தால், அதன் தாள் மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

டெலிகிராமில் சுற்றும் ‘ரீகால்’ பிடிஎஃப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதற்குள் யாராவது அனுப்பியிருப்பார்கள். தேர்வு எழுதிவிட்டு வந்தவர் நினைவிலிருந்து தட்டச்சு செய்தது அது. பாதி நோட்ஸ் விட்டுப்போயிருக்கும், விடையும் அவர் எழுதிய விடைதான், சரியான விடை என்று யாரும் உறுதி செய்யவில்லை. தேர்வுக் கேள்வியை வெளியே பகிர்வது விதிப்படியே தப்பு என்பது வேறு. பயிற்சிக்குக்கூட அது உருப்படியான சரக்கு இல்லை.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தேர்வை நடத்துகிறவர்களின் இணையதளத்திலேயே நர்சிங்குக்கான மாதிரித் தேர்வுகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒன்றை இந்த வாரமே, விடுமுறை நாளில், கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள். ரீடிங் பகுதி ஏ-க்கு 15 நிமிடம் முடிந்ததும் தாளைக் கவிழ்த்துவிட வேண்டும், தேர்விலும் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பகுதியில் எழுத்துப்பிழைக்கு மன்னிப்பு இல்லை என்பதையும் மறக்காதீர்கள். விடைச் சொல் கண் முன்னாலேயே துண்டில் இருக்கிறதே, பார்த்து எழுதினால் போதும். லிசனிங், ரீடிங் இரண்டிலும் 42க்கு தோராயமாக 30ஐ ஒட்டி வந்தால் பி பக்கம் இருக்கிறீர்கள். மீதி மாதிரித் தேர்வுகளைத் தொடாமல் வையுங்கள், கடைசி மூன்று வாரத்துக்கு அவை வேண்டும்.

முடிவைப் பார்த்த பிறகு, நர்சிங் பதிப்பு ஒன்றே ஒன்று வாங்குங்கள். தேர்வு நிறுவனமே வெளியிட்டது அல்லது அவர்களின் ஒப்புதலோடு வந்தது என்று அட்டையில் இருந்தால் நல்லது, அதற்குப் பிறகும் பின்பக்கத்தைப் புரட்டித்தான் வாங்க வேண்டும். அதோடு அத்தானின் புத்தகத்தின் லிசனிங், ரீடிங் பகுதிகள். இரண்டும் போதும். கணினியில் எழுதப் பதிவு செய்வதாக இருந்தால் கடிதங்களைக் கையால் எழுதிப் பழகாமல் முதல் நாளிலிருந்தே தட்டச்சு செய்யுங்கள். தட்டச்சு மெதுவாக வருகிறது என்பதைத் தேர்வு அறையில் கண்டுபிடிக்கக் கூடாது.

ஒரு தேர்வை முடித்தவுடன் அடுத்ததற்குத் தாவாதீர்கள். தேர்வு எழுதிய நாளுக்கு அடுத்த நாள், தப்பான கேள்விகளை மட்டும் விளக்கத்தோடு உட்கார்ந்து பாருங்கள். நைட் டியூட்டி வாரத்தில் புதுத் தேர்வே வேண்டாம். பழைய ஆடியோவின் எழுத்து வடிவத்தைப் படித்துக்கொண்டே கேட்பது, ஒரு கேஸ் நோட்ஸை எடுத்து ‘வேண்டும், வேண்டாம்’ என்று மட்டும் பிரிப்பது போன்ற வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். அரைத் தூக்கத்தில் எழுதும் முழுத் தேர்வு உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாது, களைப்பைத்தான் காட்டும்.

முதல் முறையில் ஒரு பகுதி மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட கவுன்சில் அனுமதிக்கிறது. இரண்டு முறையும் நான்கு பகுதிகளையும் எழுதியிருக்க வேண்டும், எந்தப் பகுதியும் கேட்ட கிரேடுக்கு அரைப் படிக்கு மேல் கீழே போயிருக்கக் கூடாது. பதிவு செய்வதற்கு முன் அவர்கள் தளத்தில் இந்த விதியை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படி இரண்டாம் முறை எழுத வேண்டி வந்தால், குறைந்த பகுதிக்கு மட்டும் புதிய பயிற்சிகள் கொண்ட புத்தகம் ஒன்றைத் தேடுங்கள், ஏற்கெனவே விடை தெரிந்த தேர்வில் மறுபடி வாங்கும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. அது ரைட்டிங்காக இருந்தால் புத்தகமே வேண்டாம், அந்தப் பணத்தைக் கடிதம் திருத்துபவருக்குக் கொடுங்கள்.